காசோலையும் கனவும்

மேடைப் பேச்சைப் பற்றி நம்மிடையே இருவகை எண்ணங்கள் நிலவுகின்றன. நாவன்மையைக் கேட்டு மகிழ்வோர் ஒரு சாரார். அதனை வெறும் வாய்ப்பந்தல் என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். பேச்சிலே உவமையும் உருவகமும் மிகுந்துவிட்டால் இரண்டாம் சாராரின் ஐயம் இன்னும் வலுப்பெறுகிறது. பொருள் இல்லாத இடத்தைப் பேச்சாளர் அணிகளைக் கொண்டு நிரப்புகிறார் போலும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். பல மேடைகளைப் பொறுத்தவரை அந்த ஐயம் நியாயமானதே.

ஆயினும், வழக்குமன்றத்தில் சான்று எவ்வாறு உதவுமோ அவ்வாறு உருவகம் உதவிய பேச்சுகளும் வரலாற்றில் உண்டு. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை அவற்றுள் தலையாயது. 'எனக்கொரு கனவு உண்டு' என்னும் பெயரால் உலகம் அதனை அறியும். ஏறத்தாழ 17 நிமிடங்களில் முடிந்த அவ்வுரை எங்ஙனம் இத்துணை ஆற்றல் பெற்றது? அதிலுள்ள அணிகள் அதற்கு அழகு மட்டும் சேர்த்தனவா, வலிமையும் சேர்த்தனவா? இதனையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

நூறாண்டுக் காத்திருப்பு

1863-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, ஆபிரகாம் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். அதன் பின் நூறாண்டுகள் கடந்தும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வெள்ளையர் பள்ளியில் பயில இயலாது; வெள்ளையர் உணவகத்தில் அமர இயலாது; பற்பல ஊர்களில் வாக்களிக்கவும் இயலாது. 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் மாண்ட்கமரி நகரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள்கள் நீடித்தது. அதனை வழிநடத்தியபோது இளம்போதகரான கிங்கின் வயது 26.

1963-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் பர்மிங்காம் நகரில் ஊர்வலம் சென்ற சிறுவர் சிறுமியர் மீது காவலர் நாய்களை ஏவினர்; தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பாய்ச்சினர். அந்தப் படங்கள் உலகெங்கும் இதழ்களில் வெளிவந்தன. ஜூன் 12-ஆம் நாள் மிஸிஸிப்பி மாநிலத்தில் மெட்கர் எவர்ஸ் என்னும் உரிமைப் போராளி தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்நிலையில்தான் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃபின் தலைமையில், பேயர்ட் ரஸ்டினின் அமைப்புத் திறத்தால், வாஷிங்டன் பேரணி கூடியது. 'வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி' என்பது அதன் முழுப்பெயர். குடியுரிமைச் சட்டம் வேண்டும் என்பதோடு, குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் ஆக வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். பேரணியின் பெயரில் 'வேலை' என்னும் சொல் 'விடுதலை'க்கு முன்னே நிற்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கிங்கின் முதற்பெரும் உருவகம் பணத்தைப் பற்றியதாக அமைந்ததன் காரணம் அதனால் விளங்கும்.

திரும்பி வந்த காசோலை

உரையின் தொடக்கத்தில் காலத்தைச் சொல்லும்போது, கிங் நூறு ஆண்டுகள் என்று கூறாமல் இருபது இருபதாக எண்ணும் பழைய முறையைக் கையாண்டார். 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் லிங்கன் தம் உரையைத் தொடங்கிய முறை அது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்த அந்த ஒலியைக் கேட்டதும், யாருடைய சிலையின் முன் நின்று பேசுகிறார், யார் தந்த வாக்கைப் பற்றிப் பேசுகிறார் என்பது கேட்போர்க்கு விளங்கிவிட்டது. விடுதலைப் பிரகடனத்தை நீண்ட இரவின் முடிவில் எழுந்த விடியலாக உருவகித்தவர், உடனே திரும்பி, நூறாண்டு கழிந்தும் என்னும் தொடரை நான்கு முறை அடுக்கினார். முதல் முறை, இன்னும் விடுதலை இல்லை என்றார். இரண்டாம் முறை, பிரிவினையின் கைவிலங்கையும் பாகுபாட்டின் சங்கிலியையும் காட்டினார். மூன்றாம் முறை, செல்வப் பெருங்கடலின் நடுவே வறுமைத் தீவு ஒன்றைக் காட்டினார். நான்காம் முறை, பிறந்த மண்ணிலேயே நாடு கடத்தப்பட்டவனாக வாழும் மனிதனைக் காட்டினார்.

அதன் பின்னரே காசோலை வருகிறது. 1776-ஆம் ஆண்டு விடுதலைச் சாசனத்தையும் அதன்பின் அரசியல் சட்டத்தையும் எழுதியவர்கள், ஒவ்வொரு அமெரிக்கனுக்கும் உரிய புரோநோட்டு ஒன்றில் கையொப்பமிட்டனர் என்கிறார் கிங். வாழ்வும் உரிமையும் மகிழ்ச்சியைத் தேடும் வாய்ப்பும் எல்லார்க்கும் உண்டு என்பது அதில் எழுதப்பட்ட வாக்குறுதி. கறுப்பின மக்களைப் பொறுத்தவரை அந்தக் கடன் தீர்க்கப்படவில்லை. அவர்கள் கையில் கிடைத்தது போதிய பணமில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்த காசோலையே. ஆயினும் நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நம்ப மறுக்கிறோம். ஆகவே பணம் பெற வந்திருக்கிறோம் என்பது அவர் வாதம்.

வணிகம் செய்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதன் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்த காசோலையைக் கையில் வைத்திருப்பவன் யாசகன் அல்லன், கடன் கொடுத்தவன். கூனிக் குறுக வேண்டியவன் கையொப்பமிட்டவனே. சலுகை கேட்டு வந்தவர்கள் என்று நாடு கருதிய ஒரு மக்கள் கூட்டத்தை, இந்த ஓர் உருவகம் நிலுவைத் தொகையை வசூலிக்க வந்தவர்களாக மாற்றிவிடுகிறது. இத்தனைக்கும் அதே அரசியல் சட்டம் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடுகையில் அடிமைகள் ஐவரை மூவராகவே எண்ணியது. அத்தகைய ஆவணத்தைக் கிழித்தெறியாமல், அதிலுள்ள கையொப்பத்தையே சான்றாக்கி வழக்காடினார் கிங். வங்கி திவாலாகவில்லை என்று சொன்னதன் மூலம், கடனாளி மானத்தோடு கடனைத் தீர்க்க ஒரு வாயிலையும் திறந்து வைத்தார்.

உவமிக்கப்படும் பொருளைவிட உவமை உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. கிங் இங்கே செய்தது அதற்கு நேர்மாறு. நீதி என்னும் உயர்பொருளை வங்கியின் முகப்பு வரை இறக்கிக் கொணர்ந்தார். இறக்கியதால் நீதி தாழ்ந்துவிடவில்லை. எல்லாரும் கையால் தொட்டறியக்கூடிய பொருளாயிற்று.

இவ்வுருவகம் பிறந்த வரலாறும் அறியத்தக்கது. கிங்கின் வழக்கறிஞரும் உரையின் முதல் வரைவில் பங்குகொண்டவருமான கிளாரன்ஸ் ஜோன்ஸ் அதனைப் பின்னாளில் எழுதியுள்ளார். பர்மிங்காம் போராட்டத்தில் சிறைப்பட்டோரை ஜாமீனில் எடுக்க, ராக்பெல்லர் குடும்பத்தார் நியூயார்க்கில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் பெட்டகத்திலிருந்து 1,00,000 டாலர் அளித்தனராம். பணத்தைப் பெறுமுன் ஜோன்ஸ் ஒரு புரோநோட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்தத் தாளின் நினைவே சில மாதங்களுக்குப் பின் உரையிலே உருவகமாயிற்று என்கிறார் அவர். சிறையையும் ஜாமீனையும் கண்ட அனுபவத்திலிருந்து எழுந்ததால்தான் அதில் செயற்கை வாடை வீசவில்லை.

வெயிலும் மணலும் பாறையும்

அடுத்து வரும் உருவகங்கள் இயற்கையிலிருந்து எடுக்கப்பட்டவை. அன்று ஆகஸ்ட் மாதத்து வெயில். மண்டபத்தின் முன்னுள்ள நீண்ட குளத்தில் கால்களை நனைத்தபடி மக்கள் உரை கேட்டனர். அவர்களிடம் கிங், நியாயமான மனக்குறை என்னும் புழுக்கமான கோடை, விடுதலையும் சமத்துவமும் ஆகிய இலையுதிர்காலத்தின் குளிர்ச்சி வரும்வரை நீங்காது என்றார். மனக்குறைக்குக் குளிர்காலத்தை உருவகமாக்கினார் ஷேக்ஸ்பியர். கிங் அதனைக் கோடையாக்கினார். கேட்போரின் நெற்றியிலே வியர்வை அரும்பியிருந்தது. உருவகத்தின் பொருள் அவர்கள் மேனியிலேயே எழுதப்பட்டிருந்தது.

பொறுத்திருங்கள், எல்லாம் படிப்படியாக வரும் என்று அறிவுரை கூறியோர் அந்நாளில் பலர். அந்த அறிவுரைக்கு அவர் இட்ட பெயர் மயக்க மருந்து. நோயைத் தீர்க்காமல் நோவை மட்டும் மறக்கச் செய்வது அது. 'படிப்படியாக' என்னும் சொல் எவ்வளவு அறிவுடைமையாகத் தோன்றுகிறது! ஒரே ஓர் உருவகத்தால் அதன் உடையைக் களைந்து உண்மை உருவைக் காட்டிவிட்டார். உடனே, இதுவே தக்க தருணம் என்னும் கருத்தமைந்த தொடரை நான்கு முறை சொன்னார். இருண்ட பள்ளத்தாக்கிலிருந்து வெளிச்சமான பாதைக்கு ஏறுவதும், அநீதியின் புதைமணலிலிருந்து சகோதரத்துவமாகிய உறுதியான பாறைக்கு நாட்டைத் தூக்குவதும் அத்தொடர்களிலே வரும் காட்சிகள். புதைமணலில் சிக்கியவனிடம் காத்திரு என்று சொல்லுதல் ஆகுமா? காத்திருக்கும் ஒவ்வொரு கணமும் அவன் ஆழ்ந்துகொண்டே இருப்பான். தாமதம் ஏன் கூடாது என்பதற்கான முழு வாதமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

இருளும் ஒளியும் கிங்கின் சொற்பொழிவுகளில் இடையறாது வருவன. 1959-ஆம் ஆண்டு அவர் துணைவியாருடன் இந்தியாவில் பயணம் செய்தபோது நம் குமரிமுனைக்கும் வந்திருந்தார். ஒருபுறம் கதிரவன் கடலில் மறைய, மறுபுறம் நிலவு எழுந்த காட்சியைக் கண்டார். பகலுக்கு ஒன்றும் நள்ளிரவுக்கு ஒன்றுமாக இறைவனிடம் இரண்டு விளக்குகள் இருக்கின்றன என்னும் கருத்தை அதிலிருந்து பெற்றதாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். கண்ட காட்சியைக் கருத்தாக மாற்றும் பழக்கம் அவருக்கு இயல்பாகவே இருந்தது.

தம் மக்களுக்கு அவர் கூறிய எச்சரிக்கையும் உருவகமாகவே அமைந்தது. நீதியின் அரண்மனை வாசலில் நிற்கும் நாம், விடுதலைத் தாகத்தைத் தீர்க்கக் கசப்பும் வெறுப்பும் நிறைந்த கிண்ணத்தை எடுத்துப் பருகலாகாது என்றார். சினத்தைத் தவறு என்று அவர் கூறவில்லை. தாகம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டார். கிண்ணத்தைப் பார்த்து எடுக்குமாறு மட்டுமே சொன்னார்.

பனீ இஸ்ரவேலரிடையே தோன்றிய தீர்க்கதரிசிகள் என்று பைபிளின் பழைய ஏற்பாடு கூறும் ஆமோஸ், ஏசாயா ஆகியோரின் மொழிகளும் உரையிலே கலந்துள்ளன. நீதி வெள்ளமாகப் பெருகி ஓடும் காட்சி ஆமோஸின் நூலிலிருந்து வந்தது. பள்ளங்கள் உயர்ந்து மலைகள் தாழும் காட்சி ஏசாயாவின் நூலிலிருந்து வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் தத்தம் தேவாலயங்களில் ஓதி வந்த நூல் ஒன்றே. ஆதலால் அவ்வுருவகங்களை மறுப்பவர் தம் வேதத்தையே மறுப்பவராவார்.

ஏட்டில் இல்லாத கனவு

உலகம் நினைவில் வைத்துள்ள பகுதி கிங் எழுதி வந்த ஏட்டில் இல்லை. கனவு என்னும் கருத்தை அவர் முன்னரே பல மேடைகளில் கையாண்டவர். 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் நகரிலும், 1963 ஜூனில் டெட்ராய்ட் நகரிலும் அது இடம்பெற்றது. பழகித் தேய்ந்துவிட்டது, இம்முறை வேண்டாம் என்று உதவியாளர் ஒருவர் தடுத்ததாகவும் கூறுவர். அன்று உரை முடிவை நெருங்குகையில், சற்று முன்பு மேடையில் பாடியிருந்த மஹாலியா ஜாக்சன் அம்மையார், கனவைப் பற்றிச் சொல்லுமாறு குரல் கொடுத்தார். கிங் ஏட்டை ஒதுக்கினார். கண்களை உயர்த்தி மக்களை நோக்கினார்.

அதன் பின் அத்தொடர் எட்டு முறை வருகிறது. ஒரே சொல் ஒரே பொருளில் மீண்டும் மீண்டும் வருவதைச் சொற்பொருள் பின்வருநிலையணி என்று தண்டியலங்காரம் குறிக்கும். ஆயினும் இங்கே சொல் நிலையாக நிற்க, காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகளில், அடிமைகளாய் இருந்தோரின் மக்களும் அடிமைகளை ஆண்டோரின் மக்களும் சகோதரத்துவ மேசையில் ஒன்றாய் அமர்வது ஒரு காட்சி. அநீதியின் வெப்பத்தில் தகிக்கும் மிஸிஸிப்பி, விடுதலையும் நீதியும் நிறைந்த பாலைவனச் சோலையாவது மற்றொன்று. தம்முடைய நான்கு சிறு பிள்ளைகளும் தோலின் நிறத்தால் அளக்கப்படாமல் குணத்தால் அளக்கப்படும் நாள் பிறிதொன்று. மாநிலங்களில் தொடங்கியவர் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்ததும், அரசியல் உரை ஒரு தந்தையின் நெஞ்சக்குரலாயிற்று. 'கனவு' என்பது தெளிவற்ற சொல் என்பர் சிலர். அவர் கண்ட கனவிலோ ஊர்ப்பெயர் உண்டு. மண்ணின் நிறம் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையும் உண்டு.

இறுதியில் விடுதலை மணி மலைக்கு மலை ஒலிக்கிறது. இம்முறைக்கு முன்னோடி உண்டு. 1952-ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்ட் கேரி என்னும் போதகர் குடியரசுக் கட்சி மாநாட்டில் ஏறத்தாழ இவ்வாறே பேசியிருந்தார். கிங் முதலில் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைகளைச் சொல்லி, பிறகு தெற்கே திரும்பி, ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனைப் பெயர் சொல்லி அழைத்தார். கறுப்பின மக்களைக் கொன்று குவித்த கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம் 1915-ல் மறுபிறப்பு எடுத்த மலை அது. வெறுப்பின் உச்சியிலிருந்தே விடுதலை ஒலிக்க வேண்டும் என்று சொன்னபோது, அந்தப் பெயரின் பொருளை உணராதார் தெற்கில் யாரும் இல்லை.

மால்கம் எக்ஸின் மறுப்பு

இவ்வுரையைக் கேட்டு எல்லாரும் உருகிவிடவில்லை. மால்கம் எக்ஸ் அந்தப் பேரணியைக் கேலிக்கூத்து என்றே சாடினார். 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் பேசியபோது அவரும் ஓர் உவமையையே ஆயுதமாக எடுத்தார். கடுங்காப்பியில் பாலேட்டைக் கலந்தால் சூடும் குறையும், கடுப்பும் குறையும்; தூக்கத்தைக் கலைக்க வேண்டிய காப்பி தூங்க வைக்கும் பானமாகிவிடும்; பேரணியிலும் அதுவே நிகழ்ந்தது என்றார். அடுத்த ஆண்டு பேசுகையில், தாம் காண்பது கனவு அன்று, கொடுங்கனவே என்றார்.

இந்த மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. இனிய கனவு மக்களை உறங்க வைத்துவிடும் என்னும் அச்சம் நியாயமானது. பேரணி முடிந்து 18 நாள்களுக்குப் பின், செப்டம்பர் 15-ஆம் நாள், பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரின் உயிரைக் குடித்தது. கிங்கே 1967-ல் தம் கனவு கொடுங்கனவாக மாறக் கண்டதாக வருந்திக் கூறினார்.

ஆனால் அவ்வுரை எவரையேனும் உறங்க வைத்ததா என்பதற்கு வேறொரு சான்று உண்டு. உரை நிகழ்ந்த இரண்டாம் நாளே, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் உயர் அலுவலர் ஒருவர் எழுதிய குறிப்பில், அவ்வுரையின் ஆற்றலைச் சுட்டி, நாட்டிற்கு மிக ஆபத்தான கறுப்பினத் தலைவராகக் கிங்கைக் குறித்துவைக்க வேண்டும் என்று கூறினார். வெறும் தாலாட்டுக்கு எந்த அரசும் அஞ்சுவதில்லை.

மால்கம் எக்ஸ் 1964 ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்றார். அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் ஆனார். வெள்ளை நிறத்தவரோடு ஒரே தட்டில் உண்டதைப் புனித மக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் வியந்து குறிப்பிட்டார். சஹனில் கூடி உண்ணும் வழக்கமுடைய நம் குடும்பங்களுக்கு அந்த வியப்பே வியப்பாக இருக்கலாம். ஜார்ஜியாவின் செம்மண் குன்றில் கிங் கனவிலே இட்ட மேசையை, அவரைக் கேலி செய்தவர் வேறொரு மண்ணில் கண்ணாரக் கண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. மறு ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் கிங்கும் அவ்வாறே வீழ்ந்தார். அப்போது இருவர்க்கும் வயது 39.

தீராத கணக்கு

1964 ஜூலை 2-ஆம் நாள் குடியுரிமைச் சட்டமும், 1965 ஆகஸ்ட் 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. ஓர் உரையே அவற்றைக் கொணர்ந்தது என்று கூறினால் சிறை சென்றவர்க்கும் உயிர் நீத்தவர்க்கும் இழைக்கும் அநீதியாகும். அவர்கள் பட்ட பாட்டினை நாடு விளங்கிக்கொள்ளும் மொழியில் எடுத்துரைத்தது அவ்வுரை. நம்பிக்கையிழப்பு என்னும் மலையிலிருந்து நம்பிக்கைக் கல் ஒன்றைச் செதுக்கி எடுப்போம் என்று அவர் சொன்ன உருவகத்தின்படியே, 2011-ல் வாஷிங்டனில் அவருடைய நினைவுச் சிலை மெய்யான கல்லில் எழுந்தது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 2013-ல், வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதியொன்றை அந்நாட்டு உச்சநீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இன்று கிங்கைப் போற்றும் மேடைகளில் கனவு மட்டுமே ஒலிக்கிறது. காசோலையை எடுத்துரைப்பார் அரியர். கனவைப் புகழ யார்க்கும் செலவு இல்லை. காசோலையை நினைவூட்டினால் பணம் தர வேண்டியவர் யார் என்னும் கேள்வி எழும். அதனால்தான் போலும், உரையின் முற்பாதி மெல்ல மறக்கப்பட்டு வருகிறது. கடனைச் சொல்லிவிட்டுக் கனவைச் சொன்னதில்தான் அவ்வுரையின் வலிமை இருக்கிறது. முன்னதை நீக்கினால் பின்னது வெறும் ஆசையாகிவிடும்.

நம் பிள்ளைகள் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இவ்வுரையைப் பேசுவதுண்டு. பேசட்டும். கனவுப் பகுதியை மனப்பாடம் செய்யுமுன், காசோலைப் பகுதியையும் ஒருமுறை படித்துப் பொருள் உணருமாறு பெற்றோர் அவர்களுக்குச் சொல்லுதல் நலம். உவமை என்பது பேச்சுக்குப் பூசும் சாயம் அன்று, பேச்சைத் தாங்கும் தூண் என்பதை இலக்கண வகுப்பைவிட அந்த ஒரு பகுதி தெளிவாகக் கற்பித்துவிடும்.